ஆயில் ஏறட்டும்

என் நாத்தனார் பெபிஷாவை முதல் தடவை பார்க்கிறவர்கள் யாரும் அவள் ஜேசிபி ஓட்டுகிறவள் என்று சொல்ல மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பூப்போட்ட சேலையும் கையில் பைபிளுமாக வந்து பாடகர் குழுவில் நின்றால், வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத பெண் என்றுதான் நினைப்பார்கள். மறுநாள் காலையில் கேபினுக்குள் ஏறி உட்கார்ந்து, பட்டுப்போன ஒரு பலா மரத்தை வேர்மூட்டோடு புரட்டிப் போடுவதைப் பார்த்தால் அந்த நினைப்பு அன்றோடு போய்விடும்.

நான் ஜெப்சி. அவளுடைய அண்ணன் எபிசனின் மனைவி. அவள் வாயில் 'மைனி'. பிறந்தது அஞ்சுகிராமம் பக்கம், வாழ்க்கைப்பட்டது குலசேகரத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவில். வந்த புதிதில் இந்த மேற்குப் பக்கத்து ஆட்கள் வாயைத் திறந்தால், பாடுகிறார்களா சண்டை போடுகிறார்களா என்று எனக்குப் பிடிபடாது. இப்போது நானும் பாதி பாடுகிறேன். எபிசன் ஷார்ஜாவில் இருக்கிறார். மாமனார் ராஜையன் ரப்பர் ஷீட்டைக் காயப் போடுவார், மடக்குவார், யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாமல் விழிப்பார். ஆக, வீட்டில் குரலை உயர்த்த நான் ஒருத்திதான். அந்தப் பொறுப்பை நான் குறைவில்லாமல் செய்து வருகிறேன் என்று அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த ஜேசிபியை எபிசன்தான் பழையதாக வாங்கிப் போட்டார். வாடகைக்கு ஓட்ட ஒரு டிரைவரை வைத்தோம். வேலை தெரிந்தவன்தான், பொறுமை என்ற சாமான் மட்டும் அவனிடம் கிடையாது. ஆயில் மாற்றுவான், புது ஃபில்டரை மாட்டுவான், அடுத்த நொடி சாவியைத் திருப்புவான். எஞ்சின் பிடித்ததும் பிடிக்காததுமாக ஆக்சிலேட்டரை மிதித்து ஒரு ரேஸ்! அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டுக் கோழிகள் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். கொஞ்ச காலம் கழித்து எஞ்சின் கடகடவென்று பேச ஆரம்பித்தது. அப்புறம் ஒரேயடியாகப் பேச்சை நிறுத்தியது. பிரித்துப் பார்த்த மெக்கானிக், தேய்ந்து கீறல் விழுந்த ஒரு பேரிங்கை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். புது ஃபில்டர் காலியாக இருக்குமாம். ஊற்றிய ஆயில் எல்லாம் எஞ்சினின் அடியில் கிடக்குமாம். பம்பு அதை உறிஞ்சி, ஃபில்டரை நிரப்பி, பிறகுதான் மேலே அனுப்பும். அதற்குள் ஸ்டார்ட் செய்து மிதித்தால் இரும்பும் இரும்பும் வெறுமனே உரசும். எங்கள் டிரைவர் மாற்றியதெல்லாம் நல்ல ஆயில். கொன்றதெல்லாம் முதல் நிமிஷத்தில்.

பெபிஷா அப்போது பி.காம். முடித்துவிட்டு ஒரு முந்திரி ஆலை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேரிங்கை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"மைனி, இது தன்னால கெட்டுப் போனதில்ல. அவன் கொன்னு போட்டிருக்கான்" என்றாள்.

சொன்னதோடு விட்டிருந்தால் அவளும் எல்லா வீட்டுப் பெண்களையும் போல ஒருத்தி. அவள் விடவில்லை. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, திருநெல்வேலிப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போய் ஜேசிபி ஓட்டப் படித்து, லைசென்ஸோடு வந்து நின்றாள். ஊர் கொஞ்ச நாள் சிரித்தது. பிறகு ஊருக்குக் கிணற்றடியில் மண் சரிந்தது, தோட்டத்தில் குழி வெட்ட வேண்டியிருந்தது, மழைக்கு முன் கால்வாயைத் தூர்வார வேண்டியிருந்தது. சிரித்தவர்கள் எல்லாம் வரிசையாக வந்து பெபிஷாவை எங்கே என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சாயா போட்டுக் கொடுத்தது நான்தான். சீனி கொஞ்சம் குறைவாகத்தான் போட்டேன்.

மற்ற வேலைக்கு ஆள் வைத்தாலும் ஆயில் மாற்றுவதை மட்டும் அவள் யாரிடமும் கொடுப்பதில்லை. வேலை முடித்து வந்த சூட்டோடு பழைய ஆயிலை இறக்குவாள். சூடாக இருந்தால்தான் அழுக்கெல்லாம் அதோடு வெளியே வருமாம். ஊற்றுகிற புனலைக் கழுவி, தூசி விழாமல் பைக்குள் கட்டி வைத்திருப்பாள். நான் ஒருநாள் தெரியாமல் அதில் தேங்காய் எண்ணெய் ஊற்றிவிட்டேன். ரெண்டு நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தொட்டுத் தடவுவாள், குழந்தைக்கு உச்சியில் எண்ணெய் வைக்கிற பதத்தில். அதை மாட்டி, ஆயிலை ஊற்றி, அளவு பார்த்துவிட்டு, எஞ்சினுக்கு டீசல் போகாதபடி ஒரு வயரைக் கழற்றி விடுவாள்.

இனிமேல்தான் அவளுடைய பூசை. வயர் கழன்றிருப்பதால் சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் பிடிக்காது. செல்ஃப் மோட்டார் மட்டும் 'கிர்ர்' என்று அதைச் சும்மா சுற்றும். கொஞ்சம் சுற்றவிட்டு நிறுத்துவாள், செல்ஃப் சூடேறாமல் இருக்க. மறுபடி சுற்றுவாள். முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஃபில்டர் நிரம்பி ஆயில் மேலே ஏறியதும் அந்த விளக்கு அணையும். அதற்கப்புறம்தான் வயரை மாட்டி ஸ்டார்ட் செய்வாள். ஸ்டார்ட் ஆன பிறகும் ஆக்சிலேட்டரைத் தொடாமல் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். "எதுக்குட்டி இவ்வளவு நேரம்?" என்று நான் சமையலறையிலிருந்து கத்தினால், "ஆயில் ஏறட்டும் மைனி" என்பாள். எனக்குப் பொறுமை கிடையாது. ஆனாலும் அந்த எஞ்சின் இன்றுவரை தாலாட்டு மாதிரி ஓடுகிறது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எஞ்சினுக்கு வாய்த்த பொறுமை மாப்பிள்ளை பார்க்கிற விஷயத்தில் எங்கள் யாருக்கும் வாய்க்கவில்லை. முதலில் வந்த வீட்டார் கல்யாணத்துக்கு முன் வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள். ரெண்டாவது வீட்டார் கொஞ்சம் பெரிய மனது பண்ணி, வண்டி இருக்கட்டும், டிரைவர் வைத்துக்கொள்ளலாம், பெண் வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். மூன்றாவது வீட்டு அம்மாள் பெபிஷாவின் கையைப் பிடித்து நகக்கண்ணில் அப்பிய கிரீஸைப் பார்த்துவிட்டு, சாயாவைக் குடிக்காமலே எழுந்து போனாள். முதல் ரெண்டு தடவையும் "சாரமில்ல மைனி, போட்டும்" என்று சிரித்துவிட்டு வண்டிக்கு கிரீஸ் அடிக்கப் போனவள், மூன்றாவது தடவை வண்டிப் பக்கம் போகவில்லை. கையை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

அதன் பிறகு வந்ததுதான் சஜினின் சம்பந்தம். ஓமானில் பெரிய வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, நாகர்கோவிலில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிற பையன். தரகர் கொண்டுவந்த போட்டோவைக் காட்டினேன். வழக்கமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறவள், "வச்சிட்டுப் போங்க மைனி" என்றாள். எனக்குப் புரிந்துபோயிற்று. இந்த ஒன்று மட்டும் தட்டிப் போகக் கூடாது ஆண்டவரே என்று நானும் அன்றிலிருந்து ஜெபத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.

தட்டிப் போக நல்ல வழி இருந்தது. அந்த வழியின் பெயர் ஏசுஅடிமை மாமா. சஜினுக்கு அப்பா இல்லை. தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கை ராசியான கை என்று அவர்கள் சபை முழுக்கப் பேர். எங்கள் ஆட்களுக்கு ராசியில் எல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனால் ஏசுஅடிமை மாமாவின் கையில் மட்டும் நம்பிக்கை உண்டு. யார் புது வண்டி வாங்கினாலும், பழைய வண்டியை வேலை பார்த்து இறக்கினாலும், அவர் வந்து ஜெபித்து முதல் சாவி திருப்பினால்தான் அது ரோட்டில் ஏறும். அவர் தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தது இதுதான்: "பெண்பிள்ள ஜேசிபி ஓட்டுததா? வந்து பாத்துட்டுச் சொல்லுதேன்."

சனிக்கிழமை சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. பெபிஷா காலையில் ஒரு தோட்டத்தில் வேலையை முடித்துவிட்டு வந்தாள். சாயங்காலத்துக்கு எவ்வளவோ நேரம் இருக்கிறது, எஞ்சினும் சூடாக இருக்கிறது என்று ஆயில் மாற்ற உட்கார்ந்துவிட்டாள். பெண் பார்க்க வருகிற நாளில் வேறு எந்தப் பெண்ணுக்காவது இப்படித் தோன்றுமா? பழைய ஆயிலை ஒரு ரப்பர் பால் வாளியில் பிடித்து, புது ஃபில்டரை மாட்டி, ஆயிலை ஊற்றி அளவு பார்த்து நிமிர்கிறாள். வாசலில் மாப்பிள்ளை வீட்டாரின் கார் வந்து நிற்கிறது. திருவட்டாரில் ஒரு ஞானஸ்நான வீட்டுக்கு வந்தார்களாம், சீக்கிரம் முடிந்துவிட்டதாம், அப்படியே வந்துவிட்டார்களாம்.

நான் அவளைப் பின்பக்கமாக உள்ளே இழுத்துக்கொண்டு ஓடினேன். ஓடுகிற ஓட்டத்தில் சாவியை மாமனார் கையில் திணித்து, "அப்பா, இத யாருக்கும் குடுக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டு வந்தாள். யாரிடம் சொன்னாள் பாருங்கள்!

நான் சேலை கட்டிவிட, அவள் முழங்கை வரை நுரையோடு கையைத் தேய்க்க, வெளியே மாமாவின் குரல் கேட்டது. கண்டக்டர் வேலை பார்த்த தொண்டை. ஜெபித்தாலும் கடைசி சீட்டு வரை கேட்க வேண்டும் என்ற கணக்கில்தான் ஜெபிப்பார்.

"கர்த்தாவே, இந்த வண்டியையும் இதின் சக்கரங்களையும், இத ஓட்டுத கைகளையும்…"

பெபிஷாவின் கை அப்படியே நின்றது. "மைனி! வண்டிக்கு ஜெபம் பண்ணுதாரு. ஜெபம் முடிஞ்சா சாவியத் திருப்புவாரு. நான் வயரக் கழத்தல!"

"அசையாதட்டி, ஊக்கு குத்திரும்."

"ஃபில்டர் காலியா கெடக்கு மைனி!"

நான் முந்தானையைப் பிடித்தேன், அவள் திமிறினாள், ஊக்கு என் விரலில் குத்தியது. வெளியே ஆமென் என்றார்கள். அடுத்த நொடி, 'கிர்ர்ர்' என்று செல்ஃப் சத்தம்.

அவள் பாய்ந்த வேகத்தில் முந்தானையின் மறுமுனையைப் பிடித்தபடி நானும் வாசலுக்கு வந்தேன். ஏசுஅடிமை மாமா கேபினில் வெள்ளை வேட்டியோடு கம்பீரமாக உட்கார்ந்து சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். மாமனார் கீழே நின்று என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். பெபிஷா "தொடாதீங்க!" என்று கத்த வாயைத் திறந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். எஞ்சின் பிடிக்கவில்லை. சும்மா சுற்றிக்கொண்டு மட்டும் இருந்தது. மாமா நிறுத்தினார், நெற்றியைத் துடைத்தார், மறுபடி திருப்பினார். கிர்ர். மறுபடி நிறுத்தினார். மறுபடி கிர்ர். அவள் எப்படிச் செய்வாளோ அதே மாதிரி, ஒரு பிசகும் இல்லை.

திறந்து கிடந்த பானெட்டுக்குப் பக்கத்தில் சஜின் நின்றிருந்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரப்பர் மரத்தில் என்னவோ பறவை தேடுகிறவன் போல மேலே பார்த்தான். அவனுக்கு முன்னால் ஒரு வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பெபிஷாவும் பார்த்தாள்.

கீழே வாளியில் கறுப்பு ஆயிலும் பழைய ஃபில்டரும் கிடந்தால் ஒரு மெக்கானிக்குக் கதை விளங்காதா? ஆனால் ஏசுஅடிமை மாமாவிடம் போய் சாவியைத் தொடாதீர்கள் என்று சொல்ல அந்தக் குடும்பத்தில் இன்னும் ஒருவரும் பிறக்கவில்லை. அதனால் எல்லாரும் ஜெபத்துக்குக் கண்ணை மூடிய நேரத்தில் பையன் கண்ணைத் திறந்து காரியத்தை முடித்திருக்கிறான். ஆண்டவர் இதை மன்னிப்பார் என்றே நினைக்கிறேன்.

மாமா சாவியை விட்டுவிட்டார். "நான் கை வச்சு ஒரு வண்டி ஸ்டார்ட் ஆவாம இருந்ததில்ல" என்றார், யாரையும் பார்க்காமல். "செவத்த விளக்கு ஒண்ணு எரிஞ்சிட்டாவது இருந்து. இப்பம் அதும் அணைஞ்சு போச்சு."

இதைக் கேட்டதும் பெபிஷா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாய் நிறைய. நுரை கையோடு வாசலில் நின்று மணப்பெண் சிரிக்கிறாள்.

சஜினின் அம்மா முகம் வெளுத்து, "அண்ணா, இது என்ன, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இப்பிடி" என்று இழுத்தாள். மாமா இறங்கினார். அந்த நிமிஷத்தில் அவர் வயது கூடிப்போனவராகத் தெரிந்தார். பாவமாகவும் இருந்தது.

"கர்த்தருக்குச் சித்தமில்லேன்னா நாம என்ன செய்ய" என்றார். "சஜினே, காரை எடுலே. போவோம்."

சஜின் அசையவில்லை. பெபிஷா படியிறங்கி நேராகப் போய் மாமாவின் முன்னால் நின்றாள்.

"மாமா, கொஞ்சம் நில்லுங்க. நான் உங்களப் பாத்து சிரிக்கல. சந்தோசத்துல சிரிச்சேன்."

"இதுல என்ன சந்தோசம் மக்களே?"

"இப்பம்தான் ஆயில் மாத்தினேன் மாமா. ஒடனே ஸ்டார்ட் ஆயிருந்தா எஞ்சின் உள்ள தேஞ்சு போவும். ஆயில் மேல ஏறுதது வர சும்மா சுத்தணும், அந்தச் செவத்த விளக்கு அணையணும். நான் எப்பமும் செய்யுத வேல. இன்னைக்கு எனக்காக நீங்க செஞ்சு தந்திட்டீங்க."

மாமா கண்ணைச் சுருக்கினார். "அப்பம், ஸ்டார்ட் ஆவாததுதான் நல்லது?"

"அதுதான் நல்லது. இனி ஆவும். நீங்களே ஏறுங்க."

"ஸ்டார்ட் ஆவப்பிடாதுன்னு என் கைக்கு எப்பிடித் தெரிஞ்சு?"

பெபிஷா ஓரக்கண்ணால் பானெட் பக்கம் பார்த்தாள். சஜின் குனிந்து என்னத்தையோ மாட்டிக்கொண்டிருந்தான்.

"அதுதான் மாமா ராசி" என்றாள். சஜினுக்கு இருமல் வந்தது.

மாமா தன் வலது கையைத் திருப்பி ஒரு தடவை பார்த்தார். பிறகு அவள் நீட்டிய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறினார். சாவியைத் தொட்டதும் தொடாததுமாக எஞ்சின் பிடித்தது. ஒரு இருமல் இல்லை, ஒரு கடகடப்பு இல்லை. மாமாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது பாருங்கள், அதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்! "ஸ்தோத்திரம்!" என்று கூவினார். வந்த உற்சாகத்தில் காலைத் தூக்கி ஆக்சிலேட்டரில் வைக்கப் போனார்.

"ரேஸ் பண்ணாதீங்க!"

சொன்னது ரெண்டு குரல். ஒன்று பெபிஷா, இன்னொன்று சஜின். ஒரே நேரம், ஒரே பதற்றம், பாடகர் குழுவில்கூட இவ்வளவு சேர்ந்து பாடிக் கேட்டதில்லை. மாமா தணலில் கால் வைத்தவர் போலக் காலை எடுத்துக்கொண்டார். முதலில் சிரித்தது சஜினின் அம்மா. பிறகு என் மாமனார். பிறகு யார் சிரிக்கவில்லை என்று கேட்கலாம்.

எஞ்சின் பைய ஓடிக்கொண்டிருந்தது. மாமா கேபினை விட்டு இறங்குகிற வழியாகத் தெரியவில்லை. ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"மக்களே, இத நீதான் தெனமும் ஓட்டுதியா?"

"ஆமா மாமா."

"கல்யாணத்துக்குப் பொறவு?"

சிரிப்பு அடங்கிப்போனது. மூன்று வீட்டார் வந்து முட்டிக்கொண்டு திரும்பிய இடம் இது. ஏட்டி, கொஞ்சம் மழுப்பிச் சொல்லு என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்பமும் நான்தான் ஓட்டுவேன் மாமா" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். ஆனால் நுரை காய்ந்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மாமா சஜினைப் பார்த்தார். "நீ என்னலே சொல்லுத?"

சஜின் இவ்வளவு நேரமும் வாய் திறந்து பேசியது அந்த ஒரு கத்தல்தான். இப்போது எஞ்சினைக் காட்டினான்.

"பேச்சிப்பாற ரோட்டுல நான் வேலைக்கு வந்தப்பம் இந்த வண்டி தோட்டத்துக்குள்ள ஓடிட்டு இருந்து மாமா. ஆள் தெரியல, சத்தம் மட்டும்தான் கேட்டு. இவ்வளவு பழைய எஞ்சின இப்பிடி வச்சிருக்கியது யாருன்னு வெசாரிச்சேன். அதுக்குப் பொறவுதான் தரகரை அனுப்பினேன்." பானெட்டில் ஒரு கையை ஊன்றினான். "அவ ஓட்டலேன்னா நான் இஞ்ச எதுக்கு மாமா வந்தேன்?"

எனக்கு வார்த்தை வரவில்லை. நம்புங்கள், அப்படி ஒரு நாள் என் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை. மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"அப்பம் பின்ன என்ன" என்றார் ஏசுஅடிமை மாமா, கேபினில் இருந்தபடியே. "சாயா கொண்டு வாங்க."

பெபிஷா யாருக்கும் முகம் காட்டாமல் விறுவிறுவென்று நடந்து பானெட்டுக்குள் தலையை விட்டாள். அளவு பார்க்கிற கம்பியை உருவினாள், துடைத்தாள், மறுபடி விட்டாள், மறுபடி உருவிக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற எஞ்சினில் யாராவது ஆயில் அளவு பார்ப்பார்களா? நிறுத்தி, ஆயில் அடியில் இறங்கிய பிறகல்லவா பார்க்க வேண்டும், எனக்கே தெரியும். பக்கத்தில் நின்ற சஜினுக்கும் தெரியும். அவன் கம்பியைத் துடைக்கத் துணியை எடுத்து நீட்டினான். அந்த எஞ்சின் விஷயத்தில் அவள் தப்பு செய்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.